தட்டுப்பாட்டை முன்கூட்டிக் கண்டவர்

நம்மிடையே ஓர் இனம் இருக்கிறது. சாத்திரியார் என்று நினைத்துவிடாதீர்கள். சாத்திரியார் பாவம், கிரகத்தைப் பார்த்துச் சொல்லுவார், பலிக்காவிட்டால் பிறந்த நேரம் பிழை என்று ஒரு சமாதானமாவது சொல்லுவார். நான் சொல்லுகிற இனத்துக்குக் கிரகம் வேண்டாம். ஒரு லப்ரொப் போதும். நீங்கள் வீட்டுக் கூரையை மாற்றப் போகிறீர்களா, மகனுக்குப் பெண் பார்க்கிறீர்களா, கடைக்குப் பக்கத்தில் இன்னொரு கடை போடப் போகிறீர்களா, எதுவாக இருந்தாலும் சரி, நீங்கள் வாயைத் திறந்து பாதி வசனம் சொல்லுமுன்னரே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, உங்கள் எதிர்காலத்தில் இருந்து சற்றுமுன்தான் திரும்பி வந்தவர்போல ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்து, "அதை நான் ஓடவிட்டுப் பாத்திட்டன்" என்பார்.

எதை ஓடவிட்டார்? எங்கே ஓடவிட்டார்? கேட்காதீர்கள். கேட்டால் விளக்குவார்.

கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் இருக்கும் ஞானேஸ்வரன் இந்த இனத்தில் முற்றி விளைந்தவர். பாதி ஆயுளை ஜேர்மனியில் கழித்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர். தெற்கு லண்டன் சட்டனில் மைத்துனர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போவதென்றால், உள்ள பாதைகள் எல்லாவற்றையும் காலையிலேயே கொம்பியூட்டரில் ஓடவிட்டு, அதில் மிகச் சிறந்ததைத் தெரிவு செய்து, கேக் வெட்டி, படம் எடுத்து, பிள்ளைகள் பலூன்களை உடைத்து முடித்த பிறகு போய்ச் சேருவார். "மற்றப் பாதையாலை வந்திருந்தா இன்னும் பிந்தியிருக்கும்" என்பார். மற்றப் பாதையால் வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் விதிவிலக்கு.

மனைவி நகுலேஸ்வரியிடம் அவர் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் என்ன சொல்லுவா என்பது தெரிந்திருக்கும்போது எதற்காகக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டும்? "எனக்குத் தெரியும், நீர் வரேல்லை எண்டுதான் சொல்லுவீர்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய்விடுவார். நகுலேஸ்வரி சேலை கட்டி, பூவும் வைத்து, படியால் இறங்கி வந்துகொண்டிருப்பா.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மனுசன் அலுவலகத்தில் செய்கிற வேலை உண்மையிலேயே கெட்டித்தனமான வேலைதான். பெரிய களஞ்சியங்களில் இருந்து கடைகளுக்குச் சாமான் போகிற வலைப்பின்னலைக் கொம்பியூட்டருக்குள் அப்படியே கட்டி எழுப்புவார்கள். களஞ்சியம் ஒரு பெட்டி, கடை ஒரு பெட்டி, லொறி ஒரு புள்ளி. பிறகு அந்தப் பொய் உலகத்தில் லொறியைப் பழுதாக்குவார்கள், சாரதிக்குக் காய்ச்சல் வரவைப்பார்கள், துறைமுகத்தில் வேலைநிறுத்தம் செய்விப்பார்கள், எந்தக் கடைத் தட்டு முதலில் காலியாகிறது என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, மெய் உலகத்தில் எங்கே கூடுதலாக வைக்க வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். பொய்யாக ஒரு லொறியைக் கவிழ்த்து மெய்யான லொறியைக் காப்பாற்றுகிற தொழில். யார் குறை சொல்ல முடியும்?

துக்கம் என்னவென்றால், அந்த அலுவலகத்தில் அவரைப்போல ஒரு பெரிய அறை நிறைய ஆட்கள். ஒருவரும் மற்றவர் சொல்லுவதைக் கேட்பதில்லை. மீட்டிங்கில் ஞானேஸ்வரனுடைய முறை வரும்போது எல்லோரும் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று எழும்பிவிடுவார்கள். ஆழ்ந்த ஞானம் உள்ளே இருந்து அரித்துக்கொண்டே இருந்தது. அதைக் கேட்க ஒரு சனம் வேண்டியிருந்தது.

கிடைத்தது. கிழக்கு லண்டன் பலசரக்குக் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சிவப்பரிசி மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி எல்லாம் கொழும்பில் இருந்து ஓர் இறக்குமதிக்காரர் மூலம் ஒரே கொன்ரெயினரில் எடுப்பிப்பதற்கான சங்கம். ஒரு மாதம் மா மலைபோல் குவிந்து கிடக்கும், இன்னொரு மாதம் தட்டில் தூசிதான் இருக்கும். சங்கத் தலைவர் யோகராஜா, குட்மேய்ஸில் கடை வைத்திருப்பவர், ஒருநாள் பாண் வாங்கவந்த ஞானேஸ்வரனிடம் தற்செயலாக இதைச் சொல்லி மூச்சு விட்டார்.

"அண்ணை, இதுக்கொரு வழி சொல்லுங்கோவன்."

ஞானேஸ்வரன் பாணை மேசையில் வைத்தார். கண்ணாடியை இறக்கினார். அந்தக் கணத்திலேயே யோகராஜா ஓடியிருக்க வேண்டும்.

அடுத்த சில கிழமைகள் அவர் கடை கடையாகப் போனார். "நீங்கள் எப்ப மா ஓடர் பண்ணுறதெண்டு எப்பிடித் தீர்மானிக்கிறனீங்கள்?" என்று எல்லோரிடமும் கேட்டார். பக்கத்து ஊரான பார்க்கிங்கில் கடை வைத்திருக்கும் கலாவதி, "முடிஞ்சா எடுப்பன்" என்றா. யோகராஜா நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "அது ஒரு மனசிலை படுறதுதான் அண்ணை" என்றார். ஞானேஸ்வரன் அசரவில்லை. யோகராஜாவின் மனசில் படுவதற்கும் ஒரு சராசரி கண்டுபிடித்து, அதற்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம் விலகலும் கொடுத்து உள்ளே போட்டார். கடைகள் நீலப் பெட்டிகளாயின. கொழும்புக் கப்பல் ஒரு சின்ன முக்கோணமாகி, திரையின் ஒரு மூலையில் இருந்து மற்ற மூலைக்கு அசைந்து அசைந்து போனது. அதை அவர் தேத்தண்ணியும் கையுமாக இருந்து பார்க்கிற அழகைப் பார்த்தால், முதல் பிள்ளை நடை பழகுவதைப் பார்க்கிறார் என்றுதான் நினைப்பீர்கள்.

நூற்றுக்கணக்கான தடவை ஓடவிட்டார். பெரும்பாலான ஓட்டங்களில் எல்லாம் சுகம். கப்பல் வந்தது, மா வந்தது, சனம் இடியப்பம் சாப்பிட்டது. ஒரு சில ஓட்டங்களில் மட்டும் கப்பல் மிகவும் பிந்த, மா முடிந்து, நீலப் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அந்தச் சிவப்பு எவ்வளவு வடிவாக இருந்தது தெரியுமா? எல்லாம் சுகமான ஓட்டத்தை யாருக்குக் காட்டி என்ன பயன்?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூட்டம் வைத்தார்கள். வடையும் தேத்தண்ணியும் இருந்ததால் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஞானேஸ்வரன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து, வழங்கல் வலைப்பின்னல் என்றால் என்ன, கட்டுப்பாடு என்றால் என்ன, நிகழ்தகவு என்றால் என்ன என்று ஆறுதலாகத் தொடங்கினார். சனமும் ஆறுதலாக வடை சாப்பிட்டது. பிறகு படத்தை ஓடவிட்டார். ஓடவிட்டது எந்த ஓட்டத்தை என்று சொல்லவும் வேண்டுமா?

பெட்டிகள் சிவந்தன. முதலில் பார்க்கிங். கலாவதி வடையைக் கீழே வைத்தா.

"அது என்ரை கடையெல்லோ?"

"ஓம். ஆனா இது ஒரு சாத்தியம்தான். நூறிலை…"

"அப்ப மா வராதோ?"

"வராதெண்டு நான் சொல்லேல்லை அக்கா. வராமல் போறதுக்கு ஒரு சின்னச் சாத்தியம் இருக்கெண்டுதான்…"

"எப்ப முடியும்?"

"முடிஞ்சால், ஆறாம் கிழமை. ஆனா அது வந்து…"

ஆனால் அது வந்து என்னவென்று கேட்க அங்கே ஆள் இல்லை. பின்வரிசை வாசலுக்குப் போய்விட்டது. யோகராஜா வெளியே மதிலோரம் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இறக்குமதிக்காரருக்குப் போன் எடுத்து, "எனக்கு நாலு மடங்கு போடு தம்பி, ஏனெண்டு பேந்து சொல்லுறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேந்து சொல்லத் தேவை இருக்கவில்லை. பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர் அதே மதிலோரம் அதே ஆளுக்குப் போன் எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

சாத்தியத்தின் அளவைச் சொல்லுகிற படம் ஒன்று கடைசியில் இருந்தது. நல்ல படம். அதை ஞானேஸ்வரன் காலிக் கதிரைகளுக்குக் காட்டி முடித்தார். ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு குளிர். தன் பேச்சைக் கேட்டுச் சனம் எழும்பி ஓடியது அவருடைய வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. இதுவரை எழும்பி நடந்துதான் போயிருக்கிறார்கள்.

பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். கப்பல் சொன்ன நாளில், சொன்னபடி, வழமையான அளவு மாவோடு வந்து சேர்ந்தது. ஆனால் கடைக்காரர்கள் கேட்டிருந்தது நாலு மடங்கு. இறக்குமதிக்காரர் நியாயமான ஆள். எல்லோருக்கும் கேட்டதில் காற்பங்கு கொடுத்தார். அதாவது எப்போதும் கொடுக்கிற அதே அளவு. வாங்கியவர்களுக்கு அது அப்படித் தெரியவில்லை. "பாத்தியோ, கேட்டதிலை காவாசிதான் வந்திருக்கு!" என்று வந்ததைப் பின்னறையில் ஒளித்துவிட்டு, இன்னும் அதிகமாக ஓடர் கொடுத்தார்கள். சிவப்பு மா முடியப்போகிறது என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி, கீழே கும்பிடுகிற கை இரண்டு. அதைப் பார்த்து, மாதம் ஒரு தடவை புட்டு அவிக்கிற வீடுகள்கூட ஐந்து பை வாங்கி அலுமாரிக்கு மேல் ஏற்றின. சட்டனில் இருந்து கார் பிடித்து வந்து வாங்கினார்கள். நாலாம் கிழமை எந்தக் கடைத் தட்டிலும் மா இல்லை.

நாலாம் கிழமை! அவர் ஆறாம் கிழமை என்றுதானே சொன்னார்? அதனால் மரியாதை இன்னும் கூடியது. "மனுசன் சொன்னதிலும் பாக்க கெதியா நடந்திட்டுது" என்று சனம் வியந்தது. கார்த்தரிப்பிடத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஞானேஸ்வரனுக்குக் கை கொடுத்தார்கள். ஒரு மனுசி மகளின் பரீட்சை முடிவை ஓடவிட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டா. முடியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

இனி நகுலேஸ்வரியிடம் வருவோம். மற்றவர்கள் எல்லோரும் கடைசியாகத்தான் அவவிடம் வருகிறார்கள், நாமும் அப்படித்தான் வந்திருக்கிறோம்.

நகுலேஸ்வரி பல வருடங்களாகச் சான்ட்விச் பொதி செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்தவ. குளிரறையில் நின்று நின்று முழங்கால் போய்விட்டது. அதை விட்டுவிட்டு, கவுன்சிலில் சுகாதாரச் சான்றிதழும் எடுத்து, வீட்டுக் குசினியில் இடியப்பம் அவித்து விற்கத் தொடங்கியிருந்தா. இப்போது பார்க்கிங்கில் உள்ள ஒரு முதியோர் பகல்நேர நிலையம், கிழமைக்கு இரண்டு நாள் மதியச் சாப்பாடு தர முடியுமா என்று கேட்டிருந்தது. முதலில் ஒரு புதன்கிழமை பரீட்சார்த்தமாக. நிலையத்தை நடத்தும் தனுஷியா ஒரேயொரு நிபந்தனை போட்டிருந்தா: "அன்ரி, சிவப்பு மாவிலைதான் வேணும். முக்கால்வாசிப் பேருக்குச் சுகர். வெள்ளை எண்டால் கிழவிமார் என்னைச் சாப்பிட்டிடுவினம்."

தட்டுப்பாட்டுக் கதை எழும்பியபோது நகுலேஸ்வரி கணவரைக் கேட்டா. லப்ரொப்பில் இருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்:

"உமக்குப் பிரச்சினை வராது. ஓடவிட்டுப் பாத்தனான்."

நம்பினா. உலகமே நம்புகிறபோது கட்டிய மனுசி நம்பக்கூடாதா?

புதன்கிழமைக்கு முந்திய திங்கட்கிழமை மா வாங்கப் போனா. முதல் கடையில் இல்லை. இரண்டாம் கடையில் இல்லை, ஆனால் தேத்தண்ணி கொடுத்தார்கள். தீர்க்கதரிசியின் மனைவி அல்லவா? பார்க்கிங்கில் கலாவதி கையைப் பிடித்துக்கொண்டா.

"உங்கடை மிஸ்ரர் சொன்னது அச்சொட்டா நடந்திட்டுது அக்கா! என்ன மூளை!"

"ஓம். ஒரு நாலு பை மா இருக்குமோ?"

"இருந்தா உங்களுக்குத் தராமல் விடுவனோ?" என்றா கலாவதி. சொல்லும்போது பின்னறைக் கதவில் சாய்ந்து நின்றா.

கடைசியாக யோகராஜாவின் கடை. மா என்ற சொல்லைக் கேட்டதும் யோகராஜா சிரித்தார்.

"என்னக்கா பகிடி விடுறியள்? அண்ணைதானே முதல் ஆளா வந்து வான் நிறைய ஏத்திக்கொண்டு போனவர்."

"எப்ப?"

"கூட்டத்துக்கு முதல்நாள். சனிக்கிழமை."

நகுலேஸ்வரி வெறும் பையை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தா.

ஞானேஸ்வரன் அன்று வீட்டில் இருந்துதான் வேலை. மனைவி கதவைத் திறந்து வந்ததும் நேரே கொளுக்கியில் தொங்கிய கராஜ் திறப்பை எடுத்ததைக் கண்டார். அந்தக் கராஜ் வீட்டுக்குப் பின்னால், ஒழுங்கையில் இருந்தது. ஜேர்மனியில் இருந்து கொண்டுவந்த பழைய சாமான்களைத் தவிர அதற்குள் வேறெதுவும் இல்லை என்பது குடும்பத்தின் நம்பிக்கை. செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல், லப்ரொப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

கதவு மேலே போனது. பழைய தையல் மெஷினுக்கும் உடற்பயிற்சிச் சைக்கிளுக்கும் பின்னால், கூரை முட்டும்வரை அடுக்கியிருந்தன சிவப்பரிசி மா மூட்டைகள்.

"இது என்னப்பா?"

"பாதுகாப்பு இருப்பு."

"ஆருக்குப் பாதுகாப்பு?"

"நீர் கோவிப்பீர் எண்டு எனக்குத் தெரியும். அதாலைதான் சொல்லேல்லை."

"கடை கடையா நாய் மாதிரி அலைஞ்சிட்டு வாறன். எனக்கு மா வேணுமெண்டு தெரியாதோ?"

"தெரியும். தெரியாமல் என்ன. ஆனா இப்ப இதிலை கை வைச்சா ஆறாம் கிழமை கஷ்டம். ஆறாம் கிழமைதான் உச்சம்."

"எனக்குப் புதன்கிழமைதான் உச்சம்."

ஞானேஸ்வரனுக்கு விவாதம் கைநழுவிப் போவது புரிந்தது. இந்த இனத்தவர் இப்படிப்பட்ட நேரங்களில் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஒரு மூட்டையின்மேல் லப்ரொப்பை வைத்துத் திறந்து, "வடிவாப் பாரும், விளங்கும்" என்றார்.

நகுலேஸ்வரி பார்த்தா. நீலப் பெட்டிகள், சிவப்புப் பெட்டிகள், முக்கோணக் கப்பல்.

"இதிலை நான் எங்கை?"

அவர் தேடினார். கொஞ்சம் நேரம் எடுத்தது. திரையின் அடியில், ஒதுக்குப்புறமாக ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அதில் 'மற்றவை' என்று எழுதியிருந்தது.

"இதுக்குள்ளை."

"என்னோடை வேறை ஆர் இதுக்குள்ளை?"

ஞானேஸ்வரன் தொழிலில் நேர்மையானவர். மறைக்கத் தெரியாது. "இறக்கேக்கை சிந்துறது, எலி கடிக்கிறது, வீடுகளிலை அவிக்கிறவை…"

"எலிக்கு முன்னுக்கோ, பின்னுக்கோ?"

"அப்பிடி வரிசை ஒண்டும் இல்லை" என்று விளக்கத் தொடங்கியவர், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

நகுலேஸ்வரி சத்தம் போடவில்லை. முதல் மூட்டையை இழுத்து இறக்கி, அணைத்துத் தூக்கிக்கொண்டு, முழங்காலை ஒரு பக்கம் சரித்துச் சரித்து ஒழுங்கையால் நடந்தா. ஞானேஸ்வரன் நின்ற இடத்திலேயே நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. உடனே மனதுக்குள் அதை ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு ஓட்டத்தில் அவ அழுதா. ஒன்றில் ஏசினா. ஒன்றில் பழைய கதை முழுவதையும் எடுத்தா. எல்லாவற்றிலும் சேதம் குறைந்தது பேசாமல் இருப்பதுதான். பேசாமல் இருந்தார். அவ இரண்டாவது மூட்டைக்குத் திரும்பி வந்தபோது வழிவிட்டு நின்றார். பின்னேரம் கையிருப்பைத் திருத்தி எழுதினார்.

புதன்கிழமை இடியப்பமும் சொதியும் சம்பலும் பார்க்கிங்குக்குப் போயின. நிலையத்துக் கிழவிமார் யாரையும் சாப்பிடவில்லை, இடியப்பத்தையே சாப்பிட்டார்கள். ஒருவர் மட்டும் சொதியில் உப்புக் கூட என்று சொல்லிவிட்டு மூன்றாம் தடவை வாங்கினார். தனுஷியா அடுத்த மாதத்தில் இருந்து தொடங்கச் சொன்னா. இந்தச் செய்தி ஞானேஸ்வரனுக்கு எப்படித் தெரிந்தது? மனைவி பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார்.

அவவோ அவரோடு சண்டை போடவில்லை. சாப்பாடு வந்தது, தேத்தண்ணி வந்தது. கேள்விகள்தான் வரவில்லை. இன்றைக்கு என்ன சமைக்க, நாளைக்கு வெளியே போறியளோ, இந்தப் போர்வையைக் கழுவப் போடவோ, ஒன்றும் இல்லை. இத்தனை வருடங்களாக அவர் முழுதாகக் கேட்காமலே பதில் சொல்லிவந்த கேள்விகள். இப்போது அவரிடம் பதில்கள் மட்டும் மிஞ்சி நின்றன. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், யாரும் எதுவும் கேட்காமலே, "எனக்குத் தெரியும்…" என்று தொடங்கி, என்ன தெரியும் என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

அந்த அமைதியில்தான் அவர் மறுபடி லப்ரொப்பில் தன் பொய் உலகத்தைத் திறந்தார். இந்தமுறை கடைக்காரர்களின் பயத்தையும் உள்ளே போட்டார். கூட்டத்தையும் வட்ஸ்அப்பையும் போட்டார். நடந்தது அப்படியே திரையில் நடந்தது. நாலாம் கிழமை எல்லாம் சிவந்தது. பிறகு கூட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு ஓடவிட்டார். ஒன்றும் சிவக்கவில்லை. எங்கோ பிழை என்று நினைத்து மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் எல்லாம் நீலம். அன்று முழுவதும் ஓடவிட்டார். கப்பல் வந்தது, மா வந்தது, சனம் இடியப்பம் சாப்பிட்டது.

இதற்கிடையில் நாலு மடங்காகவும் எட்டு மடங்காகவும் கேட்ட மா எல்லாம் கொழும்பில் இருந்து ஒன்றாக வந்து இறங்கியது. கடைகளில் நடக்க வழியில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா என்றார்கள், பிறகு ஒன்று வாங்கினால் இரண்டு சும்மா என்றார்கள். அலுமாரிக்கு மேல் ஐந்து பை வைத்திருக்கிற சனம் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றது. பின்னறைகளில் வண்டு பிடித்தது. சங்கம் அவசரமாகக் கூடியது, அதே மண்டபத்தில். சிற்றுண்டிக்கு நகுலேஸ்வரியிடம் ஓடர் கொடுத்திருந்தார்கள். அவ பின்னால் நின்று தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தா.

யோகராஜா எழும்பினார். "இவ்வளவு மா தேங்கினது கஷ்டம்தான். எண்டாலும் அண்ணை முன்கூட்டிச் சொல்லியிருக்காட்டி எங்கடை நிலைமை என்ன? யோசிச்சுப் பாருங்கோ!"

எல்லோரும் யோசித்தார்கள். கை தட்டினார்கள்.

அப்போது பின்னால் இருந்து நகுலேஸ்வரியின் குரல் வந்தது. உரத்த குரல் இல்லை. மண்டபத்தில் எதிரொலி இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"அண்டைக்குக் கூட்டம் வைக்காமல் விட்டிருந்தா என்ன நடந்திருக்கும்? அதை ஓடவிட்டுப் பாத்தனீங்களோ?"

அது அவ அவரிடம் பல கிழமைகளுக்குப் பிறகு கேட்ட முதல் கேள்வி. ஞானேஸ்வரனின் நாக்கு வழமையான பாதையில் புறப்பட்டது: இது இரண்டாம் கட்டம், எதிர்பார்த்த விளைவு, அடுத்த ஓட்டத்தில்… எல்லாம் வாய்வரை வந்து நின்றது. மனைவி கையில் தட்டோடு பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றா.

"ஓம். பாத்தனான்."

"என்ன வந்தது?"

"ஒண்டும் நடந்திருக்காது" என்றார். "கப்பல் வந்திருக்கும். மா இருந்திருக்கும். நான் வாயைத் திறந்ததாலைதான் மா முடிஞ்சது. கூட்டத்துக்கு முதல்நாள் நானே ஒரு வான் மா வாங்கிப் பதுக்கினன். அதுதான் தொடக்கம்."

பிழை தன்னுடையது என்று ஒருவர் பொது இடத்தில் சொல்லுவதைச் சங்கம் அதுவரை கண்டதில்லை. அடுத்து என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. யோகராஜாதான் முதலில் சுதாரித்தார்.

"பாத்தியளோ! எவ்வளவு பெருந்தன்மை! முழுப் பழியையும் தன்ரை தலையிலை போடுறார்!"

"இல்லை, நான் உண்மையாத்தான்…"

"அண்ணை, எங்களுக்கு விளங்குது" என்று கலாவதி கண்ணைத் துடைத்தா. விளங்காமல் இருப்பதற்கு அவவிடம் வலுவான காரணம் இருந்தது: அன்றைக்கு ஒன்றும் நடந்திருக்காது என்றால், பின்னறையில் வண்டு தின்னுகிற மாவுக்கு யார் பொறுப்பு? தீர்க்கதரிசி ஒருவரை நம்பி ஏமாந்தவர்கள் என்பதைவிட, தீர்க்கதரிசியால் காப்பாற்றப்பட்டவர்கள் என்பது எவ்வளவு மேல்! ஏகமனதாக அவரைச் சங்கத்தின் நிரந்தர ஆலோசகராக்கினார்கள். யாரோ காரில் தயாராக வைத்திருந்த பொன்னாடை ஒன்றும் வந்து அவருடைய தோளில் விழுந்தது. அது யாருக்காக வாங்கியது என்று யாரும் விசாரிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, பொன்னாடையோடு நின்று கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் நகுலேஸ்வரி வந்தா.

"நீங்கள் உண்மையைச் சொல்லுவியள் எண்டு நான் நினைக்கேல்லை."

"நானும் நினைக்கேல்லை" என்றார் ஞானேஸ்வரன். பிறகு, கொஞ்சம் தயங்கி, "நீர் என்ன நினைக்கிறீர்?" என்றார்.

கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றார். அவ மிச்சத் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினா. நன்றாக நிற்கட்டும் என்று விட்டிருக்கலாம்.

திருந்திவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். இப்போது மீன் இறக்குமதி செய்கிறவர்களுக்கு இன்னொரு பொய் உலகம் கட்டிக்கொண்டிருக்கிறார். அதில் சாம்பல் நிறப் பெட்டி இல்லையாம். நகுலேஸ்வரி மாவை இறக்குமதிக்காரரிடம் நேரே எடுக்கிறா, யாரையும் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுவதில்லை.

சரி, நீங்கள்? நீங்கள் இந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். உங்களிடம் நீலப் பெட்டியும் இல்லை, முக்கோணக் கப்பலும் இல்லை. கதை முழுவதும் நான் என்ன சொன்னேன்? தட்டுப்பாடே இல்லை என்றுதானே சொன்னேன்? ஆனாலும் வருகிற சனிக்கிழமை கடைக்குப் போய், மாத் தட்டுக்கு முன்னால் நிற்கும்போது, உங்கள் கை தானாகவே ஒரு பை கூட எடுக்கும். எதுக்கும் இருக்கட்டும் என்று. எடுங்கள், தடுக்கவில்லை. வரிசையில் பின்னால் நிற்பவர் ஏன் என்று கேட்டால் மட்டும், தயவுசெய்து, காரணம் சொல்லாதீர்கள்.